கம்பெனியின் முகமாக இருந்தவர்

கோழி வெட்டும் கம்பெனியில் இரத்தம் இல்லாமல் ஒரு படம் எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று படக்காரரைக் கேட்டால்தான் தெரியும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வாயை மூடிய துணி எல்லாம் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஆனால் அவர் அந்தப் படத்தைப் போனில் விரித்து மூலை மூலையாகத் துழாவுவார். ரப்பர் பூட்ஸின் நுனியில் ஒரு செம்புள்ளி இருக்கும். கத்திப் பிடியின் அடியில் ஒரு கோடு இருக்கும். ஒருத்தியின் நகக்கண்ணில் காய்ந்துபோன துளி இருக்கும். இருந்தால் படம் குப்பைக்குத்தான். மறுபடி எல்லோரையும் நிறுத்துவார். "கல்யாணத்துக்குக்கூட எங்களை இவ்வளவு படம் எடுக்கல" என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். அவர் கேட்காததுபோல் குனிந்து அடுத்த படத்தை எடுப்பார். தான் பார்த்துக்கொள்ளும்வரை கம்பெனி பேஜில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்ததில்லை என்பதில் அவருக்கு உள்ளூரக் கர்வம்.

அந்த வேலைக்கு அவர் சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்ந்தார். முதலில் உயிர்க்கோழியைத் தொங்கவிடும் இடத்தில் இருந்தார். லாரியில் பிளாஸ்டிக் கூடைகளில் வந்து இறங்கும் கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சங்கிலிக் கொக்கியில் மாட்ட வேண்டும். சங்கிலி நிற்காது. மாட்டுகிறவன் மூக்கைச் சொறிந்தால் ஒரு கொக்கி காலியாகப் போகும், மேஸ்திரி கத்துவார். சிறகு முகத்தில் அடிக்கும், நகம் முன்கையைக் கிழிக்கும். அந்தத் தழும்புகள் இன்றும் அவர் இரண்டு கையிலும் பூனை பிராண்டியதுபோல் கிடக்கின்றன. அங்கிருந்து குளிர் அறை, அங்கிருந்து பெட்டிக் கணக்கு. யாரோ வெளிநாட்டு வியாபாரி படம் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து படக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. அவருக்கும் அது தோதாகத்தான் இருந்தது.

கம்பெனிக்கு ஒரு பேஜ் ஏற்கெனவே இருந்தது. வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் ஒருவரையொருவர் நோட்டம் விடுகிற அந்த இணையத் தளத்தில் ஆபீசில் இருந்த ஒரு பெண் தொடங்கி வைத்தது. அவள் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு போனபோது பேஜும் அவளோடு போயிற்று. 'எங்களோடு வேலை செய்ய வாருங்கள்' என்று அவள் கடைசியாகப் போட்டதன் அடியில் ஆட்கள் வேலை கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பிறகு திட்டத் தொடங்கியிருந்தார்கள். மேனேஜர் படக்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பேஜின் சாவியை எப்படியாவது வாங்கு என்றார். பேஜுக்கென்று தனிச் சாவி கிடையாது, தனி வாசலும் கிடையாது, யாராவது ஒரு மனுஷர் தன் சொந்தக் கணக்கு வழியாகத்தான் உள்ளே போக முடியும் என்று படக்காரர் விளக்கினார். அதை அவர் தானாகவே தட்டித் தடுமாறிப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். "அப்ப நீ ஒரு கணக்கு தொடங்கு, அதுல என்ன?" என்றார் மேனேஜர்.

அதில்தான் எல்லாமே இருந்தது. கணக்கு என்றால் பெயர் வேண்டும். அவர் தன் பெயரை எங்கேயும் எழுதாமல் வருஷக்கணக்காகத் தப்பித்து வந்தவர்.

அவர் வளர்ந்தது கூட்டுக் குடும்பத்தில். பெரியப்பாவுக்கு ஒரே மகன், இவருக்கு அண்ணன். லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். பள்ளிக்கூடத்தில் இவரை அடித்த பையன்களைத் தேடிப் போய், ஒவ்வொருவனையும் அவனவன் வீட்டு வாசலிலேயே வைத்துப் புரட்டி எடுத்ததும் அண்ணன்தான். அண்ணனின் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே கைதான். எப்போது எது வரும் என்று அந்தக் கைக்கே தெரியாது. இரண்டு பேரும் ஒரே லாரி செட்டில் ஓட்டினார்கள். ஒரு மத்தியானம், அண்ணன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வண்டியின் கண்ணாடி உடைந்தது. இன்னொரு டிரைவரின் வண்டி. அவன் படக்காரருக்கு உயிர் நண்பன். வாய்ச்சண்டைதான் முதலில். அண்ணனின் அம்மாவை இழுத்து நண்பன் வாயில் ஒரு வார்த்தை வந்தது. அண்ணன் ஜாக்கி ராடை எடுத்தான். முதல் அடி தோளில். நண்பன் உட்கார்ந்துவிட்டான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நண்பன் கையைத் தூக்கி, "போதும் மாமா" என்றான். என்ன உறவில் அப்படிக் கூப்பிட்டான் என்று யாருக்கும் தெரியாது, பயத்தில் வந்த முறை. அடுத்த அடி தலையில். தேங்காய் உடைத்ததுபோல் என்று பிறகு பலரும் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற படக்காரருக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஈரத் துணியைத் தரையில் அறைந்ததுபோல் கேட்டது. அதற்குப் பிறகும் அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தான்.

செட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த நேரம் டீ குடிக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெரியம்மா வந்து இவர் காலைப் பிடித்தாள். உண்மையாகவே பிடித்தாள், விடவில்லை. நான் எதையும் பார்க்கல என்று மூன்று வார்த்தை சொல், போதும் என்றாள். கோர்ட்டில் கூண்டில் ஏறினபோது அந்த மூன்று வார்த்தையும் அவர் நாக்கின் மேல்தான் இருந்தன. ஆனால் கேள்வி வந்ததும் வாயிலிருந்து வந்தது, "பார்த்தேன்." அண்ணன் அங்கிருந்து இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பையன் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தால் அப்பா ஆட்டுவாரே, அதுபோல.

அண்ணன் ஜெயிலுக்குப் போனான். அதன்பின் ஊரும் வீடும் அவருக்கு இல்லாமல் போயின. செத்தவனுக்கு ஒரு தங்கை. அழுது அழுது குரல் போய்விட்டவள். அவளுக்கும் போக்கிடம் இல்லை. இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பொண்ணுக்காக அண்ணனை விற்றுவிட்டான் என்று சொந்தத்தில் பேச்சு அடிபட்டது. கேட்டும் கேட்காததுபோல் ஊர் மாறினார்கள், அங்கிருந்தும் மாறினார்கள், கடைசியில் இந்தக் கோழி கம்பெனியில் வந்து ஒதுங்கினார்கள். அவள் பேக்கிங் பகுதியில். கறித்துண்டை எடை போட்டுப் பையில் அடைத்து வாயை ஒட்டுவாள். கை அத்தனை வேகம். வாயும்.

மேனேஜர் சொன்னதை வீட்டில் சொன்னபோது, அவள் பையை ஒட்டுகிற வேகத்திலேயே பதில் சொன்னாள். "பேரை வச்சுக்கிட்டு என்ன ஊறுகாயா போடப்போறீங்க? எழுதுங்க. எத்தனை காலத்துக்கு நாம செத்தவங்க மாதிரி இருக்கிறது?"

எழுதினார். படம் வைக்கவில்லை. ஊர் போடவில்லை. எங்கே வேலை என்கிற இடத்தைக் காலியாக விட்டார். கம்பெனிப் பத்திரங்களை அனுப்பி, தளத்துக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதி, பேஜைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. பேஜைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று வெளியாருக்குத் தெரியாது. எதை எழுதினாலும் கம்பெனி எழுதியதாகவே தெரியும். படக்காரருக்கு அது மழைக்கோட்டுக்குள் நுழைந்துகொண்டது மாதிரி இருந்தது. வேலை கேட்டு வந்த பழைய கேள்விகளுக்கெல்லாம் ஒன்று விடாமல் பதில் போட்டார். இரண்டு வரி அன்பாக எழுத, கம்பெனி என்ற பெயரில் அவருக்குத் தடையில்லாமல் வந்தது. திட்டினவர்களுக்கும் மரியாதையாகப் பதில் போனது. பேஜைத் தொடர்கிறவர்கள் கூடினார்கள். மேனேஜர் ஒரு நாள் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் அதை வீட்டில் இரண்டு தடவை சொன்னார்.

பிறகு அந்த விரல் விவகாரம் வந்தது.

வெட்டும் கூடத்தில் வட்டக் கத்தி ஓடுகிற மெஷினுக்கு மேலே ஒரு தகட்டு மூடி உண்டு. மூடி இருந்தால் வேகம் குறையும். அதனால் அவசர ஆர்டர் வரும்போது அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைப்பார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தது. படக்காரர் படம் எடுக்கத்தான் அங்கே போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் கையுறை கத்தியில் மாட்டி, விரல்களை உள்ளே இழுத்தது. அவள் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ, கையுறை கிழிஞ்சிருச்சு, மேஸ்திரி திட்டுவாரு" என்றாள். விரல்கள் கோழித் துண்டுகளோடு சேர்ந்து பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தன. படக்காரர்தான் ஓடிப் போய்ப் பொறுக்கினார். எது விரல், எது கழுத்து என்று தெரியாமல் இரண்டு கையாலும் அள்ளினார்.

அந்தச் செய்தி எப்படியோ வெளியே போய், யாரோ ஒரு பெரிய மனிதர் பேஜில் வந்து, அந்தப் பெண் கவனக்குறைவாக இருந்திருப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் கண் கிடையாது என்று எழுதினார். அடியில் பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். படக்காரர் அதைக் கேன்டீனில் உட்கார்ந்து போனில் படித்தார்.  இப்படிப்பட்ட கமெண்டுக்குக் கம்பெனி என்ன எழுதும் என்று அவருக்கு மனப்பாடம். 'எங்கள் பணியாளர்களின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்.' அதைத்தான் அடிக்கத் தொடங்கினார். கட்டைவிரல் வேறு எதையோ அடித்தது. 'அந்தப் பெண் மேல் தப்பு இல்லை. மெஷின் மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.' அனுப்பினார். அப்பாடா என்று இருந்தது.

பேஜை நடத்துகிறவர்கள் செய்கிற ஒரு தப்பு உண்டு. வேறு யாருக்கும் இது வாய்க்காது. பதில் எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். இப்போது பேசுவது கம்பெனியா, நீயா என்று அது காட்டும். கம்ப்யூட்டரில் அது எப்போதும் கம்பெனியாகவே நிற்கும். போனில் சில சமயம் தானாகவே ஆளுக்கு மாறிக்கொள்ளும். வட்டத்தைப் பார்க்காமல் அனுப்பினால் கம்பெனி வாயால் சொல்ல நினைத்தது சொந்த வாயால் சொன்னதாகிவிடும். படக்காரர் எத்தனையோ புள்ளிகளைத் துழாவிக் கண்டுபிடித்தவர். அந்த வட்டத்தை மட்டும் அன்று பார்க்கவில்லை. அவருடைய முழுப் பெயரோடு, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, அந்த மூன்று வாக்கியம் சாயங்காலம்வரை பேஜில் நின்றது.

மேனேஜர் போன் செய்து கத்தின பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அழித்தார். மேனேஜர் ஏசியதை எல்லாம் அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பேஜைக் கையில் கொடுத்தால் கம்பெனிக்கே குழி பறிக்கிறாயா, உன்னை மறுபடி கோழி மாட்ட அனுப்பட்டுமா என்று கேட்டார். படக்காரருக்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. சாயங்காலம்வரை நின்ற தன் பெயரை யார் யார் பார்த்திருப்பார்கள் என்பதிலேயே அவர் நினைப்பு இருந்தது.

மறுநாள் காலையில் தளம் அவருக்கு ஒரு செய்தி சொன்னது. உங்கள் விவரங்களை ஒருவர் பார்த்திருக்கிறார். இப்படிச் சொல்லிக்கொடுப்பது அந்தத் தளத்தின் வழக்கம். யார் எட்டிப் பார்த்தாலும் காட்டிக்கொடுக்கும். தொட்டுத் திறந்தார். அண்ணன் முகம்.

நீலச் சட்டை, ஒட்ட வெட்டிய தலைமுடி, பின்னால் வெள்ளைச் சுவர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விடுதலையாகிறவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெயிலிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு வைத்துக் கணக்கு தொடங்கிக் கொடுக்கிறார்கள் போல. 'கடின உழைப்பாளி. கனரக வாகனம் ஓட்டுவதில் அனுபவம். குழுவாகச் செயல்படும் திறன்' என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை எழுதி வைத்திருந்தான். குழுவாகச் செயல்படும் திறன் என்பதைப் படித்ததும் படக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது.

வீட்டில் அவள் போனை வாங்கி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். போய்விடலாமா என்று கேட்டார். "எங்க? இன்னும் எத்தனை ஊருக்கு?" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது, படத்தில் இருந்த கண்ணுக்கு நேராக அவள் பெருவிரல் அழுத்தின தடம் இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றால், எட்டிப் பார்த்தான் என்று சொல்லி என்ன புகார் கொடுப்பது? வாட்ச்மேனிடம் படத்தைக் காட்டி, இந்த ஆள் வந்தால் உள்ளே விடாதே என்று மட்டும் சொல்லி வைத்தார்.

சில நாளில் கம்பெனி பேஜுக்கு ஒரு தனிச் செய்தி வந்தது. பேஜுக்கு வருகிறதெல்லாம் படக்காரர் கையில்தானே வந்து விழும். 'வணக்கம் ஐயா. உங்களிடம் வேலை செய்யும் இன்னார் என் தம்பி. அவனை எந்த நேரத்தில் வந்தால் பார்க்கலாம்?' படக்காரர் இந்தத் தடவை வட்டத்தைப் பார்த்தார். ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தார். கம்பெனிதான். எழுதினார்: 'வணக்கம். அந்தப் பெயரில் எங்களிடம் யாரும் பணிபுரியவில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

பதில் வர நேரம் ஆகவில்லை. 'எந்தக் கம்பெனிடா இவ்வளவு சீக்கிரம் பதில் போடும்? நல்லா இருக்கியா தம்பி?'

வாட்ச்மேன் வாசலில் நடந்து வருகிறவர்களின் முகத்தைத்தான் பார்த்தார். அண்ணன் கோழி லாரியின் கேபினில் இரண்டாவது டிரைவர் மாதிரி உட்கார்ந்து வந்தான். லாரிக்காரனுக்கு லாரியில் ஏறவா வழி தெரியாது? காலை வேலை நடந்துகொண்டிருந்தது. இறக்கும் மேடையில் புதுக் கூடைகளைப் படம் எடுக்கப் படக்காரர் நின்றிருந்தார். சரக்கு இறக்கி முடித்த லாரியின் பின்கதவு திறந்து கிடந்தது. பின்னாலிருந்து ஒரு கை அவர் கழுத்தைச் சுற்றி வளைத்தது. அணைக்கிற மாதிரிதான் முதலில் இருந்தது.

"இளைச்சுட்டியேடா" என்றான் அண்ணன். அடுத்த நொடி முகத்தைக் கூடையில் மோதினான். பிளாஸ்டிக் கம்பி உடைந்து கன்னத்தில் ஏறியது. அப்படியே இழுத்துக்கொண்டு லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் போட்டான். வயிற்றில் மிதித்தான். மிதிக்கும்போது அவன் பேசிக்கொண்டே இருந்தான். குரல் ஏறவில்லை, வீட்டுக் கதை பேசுவது மாதிரி இருந்தது. அம்மா செத்ததை ஜெயிலில் வைத்துத்தான் சொன்னார்கள் என்றான். வெளியே வந்து போகாத கம்பெனி இல்லை, எல்லோரும் முதலில் சிரித்துப் பேசுகிறார்கள், பிறகு கம்ப்யூட்டரில் பேரை அடித்துப் பார்க்கிறார்கள், அதோடு அவர்கள் முகமே மாறிப் போகிறது என்றான். பேரை அடித்தால் வருவது கொலைக் கேஸ். கேஸின் அடியில் வருவது, நேரில் பார்த்த தம்பியின் சாட்சி.

கூடை இழுக்கிற கொக்கிக் கம்பி ஒன்று அங்கே சாத்தியிருந்தது. அதை எடுத்து அதன் வளைவைப் படக்காரரின் தாடைக்கு அடியில் வைத்துத் தூக்கி உட்கார வைத்தான்.

"போனை எடு. உன் பேர்ல எழுது. நான் எதையும் பார்க்கல. அதுக்குக் கீழ என் பேரு. எல்லாரும் பார்க்கிற மாதிரி."

படக்காரர் வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, மேனேஜரிடம் சொல்லி நாளைக்கே வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். லாரி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்றார். கெஞ்சித்தான் சொன்னார்.

"வேலை கேட்டு நான் வரலடா. பேரைக் கேட்டு வந்திருக்கேன்."

போனை எடுத்தார். வட்டம் சரியாக இருக்கிறதா என்று கண் தானாகப் போய்ப் பார்த்தது. அவர் பெயர்தான் இருந்தது. எழுதிவிட்டு, இவன் போனதும் அழித்துவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. கம்பெனிக்காக எத்தனை பொய் எழுதியாயிற்று. இந்த இடத்தில் இரத்தமே இல்லை என்று உலகத்துக்கே காட்டியாயிற்று. 'நான்' என்று அடித்தார். 'எதையும்' என்று அடித்தார். விரல் நின்றது. அன்று ஜாக்கி ராடுக்கு நேராகக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், மனசுக்குள் வந்து, தன் தங்கையின் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிச்சம்?"

"வர மாட்டேங்குது அண்ணே."

அண்ணன் பெருமூச்சு விட்டான். போன் இருந்த கையைப் பிடித்து லாரியின் பின்கதவுச் சந்தில் வைத்தான். இரும்புக் கதவு, ஆள் உயரம். அதைத் தோளால் முட்டிச் சாத்தினான். படக்காரர் போட்ட சத்தத்தில் இறக்கும் மேடையில் கூடைக்குள் கிடந்த கோழிகள் எல்லாம் ஒன்றாகச் சிறகடித்தன. கதவின் கொண்டி விழுந்து மாட்டிக்கொண்டது. விரல்கள் உள்ளே, ஆள் வெளியே. அண்ணன் கொக்கியை ஓங்கி முதுகில் அடித்தான். இரண்டாவது அடி காதில் விழுந்து, காது மடல் பாதியாகத் தொங்கியது. அடுத்த அடி ஓங்கினவன் திரும்பிப் பார்த்தான்.

பேக்கிங் பகுதிக் கதவு இறக்கும் மேடைக்கு எதிரில்தான் இருக்கிறது. அவள் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றாள். பின்னால் நாலைந்து பெண்கள். வாயை மூடியிருந்ததால் அண்ணனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. துணியைக் கழுத்துக்கு இறக்கினாள். அப்போது தெரிந்தது. செத்தவனுக்கும் தங்கைக்கும் ஒரே சாயல். அவன் அடித்த முகம்தான் திரும்பி வந்து நின்றது. அந்த ஒரு விநாடி அவன் கை தளர்ந்தது. அவள் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

படக்காரர் மண்டி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு நேராகத் தரையும் அவள் பூட்ஸும்தான். முதல் அடி முழங்காலில். மரம் பிளக்கிற சத்தம். அண்ணன் அவர் பக்கமாகவே விழுந்தான், முகத்துக்கு முகம். அவள் வேகமாக அடித்தாள், பையை ஒட்டுகிற அதே வேகம், நடுவில் ஒரு மூச்சு விடவில்லை. இடுப்பு, விலா, முதுகு. கொக்கியின் நுனி சதையில் மாட்டும்போது காலை வைத்து மிதித்து இழுத்து எடுத்தாள். "போதும்மா" என்றான் அண்ணன். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. வெள்ளை பூட்ஸ் கணுக்கால்வரை சிவந்தது. படக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணை மூட முடிந்திருந்தால் மூடியிருப்பார், முடியவில்லை. தலையை நோக்கி அவள் ஓங்கினபோதுதான் பின்னால் நின்ற பெண்கள் பாய்ந்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள். பிடித்தவர்களையும் அவள் உதறினாள். ஒருத்திக்குப் பல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டு நடுவில் ஒரு திரையை இழுத்து விட்டிருந்தார்கள். படக்காரரின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காதைத் தைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து மேனேஜர் வந்து, வெளியே எதுவும் போகக் கூடாது, பேஜை இனித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேக்கிங் பெண்கள் எல்லோரும் அந்த நேரம் கை கழுவிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். அவளிடம் போலீசார் கேட்டதற்கு, முதலில் என் புருஷனைக் கேளுங்கள், அவர் பார்த்ததைச் சொல்கிறவர் என்று மட்டும் சொன்னாளாம்.

ஒரு போலீஸ்காரர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இருக்கிற ஆளை இந்த மாதிரி அடித்தது யார் என்று கேட்டார்.

படக்காரர் மேலே சுற்றாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் எதையும் பார்க்கல சார்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். விலா எலும்பு உடைந்தவனுக்குச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும், ஆனாலும் அவனால் நிறுத்த முடியவில்லை. போலீஸ்காரர் திரையை விலக்கி, உன்னை யார் அடித்தது, நீயாவது சொல் என்றார். லாரியிலிருந்து விழுந்துவிட்டதாக அவன் சொன்னான். தம்பி கையில் கதவைச் சாத்தியது வெளியே வந்தால் தானும் உள்ளே போக வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரியாதா. விழுந்தவன் முதுகில் கொக்கித் தடம் எப்படி என்று போலீஸ்காரர் கேட்டார். "கொக்கி மேலதான் விழுந்தேன் சார். பல தடவை விழுந்தேன்" என்றான். போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். குடும்பத்துக்குள்ளே ஏதோ என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

 பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொல்லத் தெரியுதேடா உனக்கு. அம்மா காலைப் பிடிச்சப்போ எங்கடா போச்சு இந்த வாய்?"

  காலை இழுத்து நடக்க முடிந்ததும் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டுப் போனான். மறுபடி வரவில்லை. அவன் கேட்டு வந்த வார்த்தை, எல்லோரும் பார்க்கிற இடத்தில் இல்லாவிட்டாலும், அவன் காதில் விழுந்துவிட்டது. அது அவனுக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ.

வீட்டுக்கு வந்த அன்று அவள் குழாயடியில் குந்தி உட்கார்ந்து பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓரத் தையலில் இருந்தது போகவில்லை. அவர் நாற்காலியில் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

உன்னை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றார்.

"போடட்டுமே." பிரஷ் நின்றது. "எங்கண்ணன் செத்தப்போ அழுதேன். அப்புறம் உங்களைக் கட்டிக்கிட்டேன். அவனுக்குன்னு நான் ஒண்ணும் செஞ்சதில்ல. அன்னிக்குத்தான் ஒண்ணு செஞ்சேன். நீங்க பார்த்தீங்க, வேற யாரு சொல்லாட்டியும் நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதையும் யாரும் செய்யலன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க."

   அவள் குழாயைத் திறந்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

இப்போது அவர் குளிர் அறையில் பெட்டிகளுக்கு இடது கையால் எண் எழுதுகிறார். எழுத்து கோணலாக வருகிறது, ஆனால் ஒரு எண்ணும் தப்பாக இருக்காது. பேஜில் மேனேஜர் போடுகிற படங்களில் அங்கங்கே செம்புள்ளி தெரிகிறது, அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. பேக்கிங் பகுதியில் புதிதாகச் சேருகிற பெண்களுக்குப் பழைய பெண்கள் அந்தக் காலைப் பொழுதைச் சொல்லுவார்கள். அக்கா எப்படி வந்து நின்றாள், துணியை எப்படி இறக்கினாள், முதல் அடி எங்கே விழுந்தது என்று கையை ஓங்கிக் காட்டிச் சொல்லுவார்கள். அக்கா எடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள், ஒரு இடத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்துவாள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தால் பேச்சு அப்படியே நின்றுவிடும். எதையும் பார்க்காத மனுஷர் முன்னால் என்னத்தைச் சொல்லுவது என்று எல்லோரும் பையை ஒட்டத் தொடங்கிவிடுவார்கள்.